கல்குவாரியை விரட்டிய சிறுத்தை

வனவிலங்கு ஆவணப்படங்களுக்குத் தமிழில் வர்ணனை எழுதுவது என் பிழைப்பு. சாலிகிராமத்தில் ஒரு சின்ன டப்பிங் ஸ்டுடியோ. படத்தோடு ஆங்கில ஸ்கிரிப்ட் வரும். இப்போதெல்லாம் இயந்திரம் மொழிபெயர்த்த தமிழும் சேர்ந்தே வருகிறது. லேசாகத் தட்டிக் கொடுத்தால் போதும் என்பார்கள். அப்படி வந்த ஒன்றில், "சிறுத்தை தன் கல்குவாரியை விரட்டிச் சென்றது" என்று இருந்தது.

ஆங்கில ஸ்கிரிப்டில் இருந்த 'குவாரி'க்கு, வேட்டையில் துரத்தப்படும் இரை என்றும் ஒரு பொருள் உண்டு. ஸ்டுடியோவே சிரித்தது. எனக்கு இயந்திரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சென்னையில் குவாரி என்றால் யாருக்கும் நினைவுக்கு வருவது திரிசூலம், பல்லாவரம் பக்கம் மலையைக் குடைந்த பள்ளம்தான். 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்துக் குடித்த ஊர் இது. குவாரி விரட்டவும் படும் என்று இங்கே யாருக்குத் தோன்றும்?

ஆங்கிலத்தில் இரண்டு குவாரிக்கும் எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, சொந்தபந்தம் மட்டும் கிடையாது. கல்குவாரி, சதுரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கல்லைச் சதுரமாக வெட்டி எடுக்கும் இடம், அவ்வளவுதான். குறுக்குவில்லில் பூட்டும் சதுரமுனை அம்புக்கு 'குவாரல்' என்று ஒரு பெயர் உண்டு. அதுவும் இந்தக் கல் குடும்பத்துப் பிள்ளைதான். வேட்டைக்குப் போன பிள்ளை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வேட்டைக் குவாரியின் பூர்வீகம் வேறு. இடைக்காலத்தில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பிரபுக்கள் நாய்களை ஏவி மானை விரட்டுவார்கள். மான் விழுந்ததும் தோலை உரித்துத் தரையில் விரிப்பார்கள். குடல் முதலான உள்ளுறுப்புகளை அதன் மேல் போட்டு நாய்களை விடுவார்கள். அன்றைய ஓட்டத்துக்கு நாய்களின் கூலி அது. அந்தக் கூலிக்குத்தான் முதலில் இந்தப் பெயர். சொல்லின் வேர், இதயத்தைக் குறிக்கும் லத்தீன் 'கோர்'. பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது, தோலைக் குறிக்கும் இன்னொரு சொல்லும் அதில் ஒட்டிக்கொண்டு உருவம் மாறிவிட்டது. இதயமும் தோலும் ஒரே சொல்லுக்குள். பிறகுதான் துரத்தப்படும் விலங்குக்கே அந்தப் பெயர் ஏறியது. உயிரோடு ஓடுகிற மானை 'நாயின் பங்கு' என்று கூப்பிடுவதில் ஒரு கொடூரம் இருக்கிறது, இல்லையா?

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, 'இரை' என்று போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் அப்படித்தான் போடுவேன். ஆனால் ஐரோப்பிய அரச வேட்டை பற்றிய படம் ஒன்றில், நாய்களுக்கு 'குவாரி' வழங்கப்பட்டது என்று வந்தது. அங்கே இரை என்று எழுதினால் முழு மானையும் நாய்க்குத் தூக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். 'நாய்களுக்குரிய பங்கு' என்று எழுதினேன்.

இரண்டு குவாரியும் சந்தித்துக்கொண்ட இடம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த மாதிரிக் கைக்கோடரிகள் விலங்கின் தோலை உரிக்கவும் இறைச்சியை அறுக்கவும் பயன்பட்டவை என்கிறார்கள். கல் எடுத்த குழியில் வேட்டைக்காரனின் கத்தி.

சரி, இரைக்கு வருவோம். எழுதும்போது தொல்லை தராத இந்தச் சொல் மைக் முன்னால் படுத்தும். பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிப் பல காலம் ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் "சிங்கம் இரையைத் தேடி நடக்கிறது" என்பது இறைவனைத் தேடிப் போகிற மாதிரியும் கேட்கும். குரல் கொடுப்பவர் கணீரென்று பக்திப்பட பாணியில் இழுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் முடிந்த இடத்திலெல்லாம் விலங்கின் பெயரையே போட்டுவிடுவேன்: மான், முயல், காட்டெருமை. வாய்க்கும் சுலபம், நேரக்கணக்குக்கும் உட்காரும்.

பெயர் போடுவதிலும் ஒரு வம்பு உண்டு. மானைக் குறிக்கும் 'டியர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பொதுவாக விலங்கு என்றுதான் பொருள். ஜெர்மனில் அதன் உறவான 'டியர்' இன்றும் எல்லா விலங்கையும் குறிக்கிறது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் எலியையும் சுண்டெலியையும் 'சின்ன டியர்' கணக்கில் சேர்க்கும் ஒரு வரி உண்டு. படத்தில் யாராவது அதை மேற்கோள் காட்டினால் இயந்திரம் சின்ன மான் என்றுதான் எழுதும்.

எடிட்டிங்கில் உட்காரும் பையன் இதை நம்பவில்லை. "ஒரே வார்த்தை மானுக்கும் எல்லா மிருகத்துக்கும் எப்படி சார் வரும்?" என்றான்.

"நீ இப்போ சொன்னியே மிருகம், அதுவே அப்படித்தான். வடமொழியில மிருகம்னா காட்டு விலங்குக்கும் பேர், மானுக்கும் பேர். மிருகசீரிஷம்னா மான் தலை."

"அய்யோ, அது எங்கம்மா நட்சத்திரம் சார். நான் சிங்கத் தலைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.