காரைக்கு அடியில் இருந்த இடைவெளி

கும்பகோணத்தில் நான் பல் மருத்துவமனை தொடங்கிய இரண்டாம் ஆண்டில், பல் சுத்தம் செய்துகொண்டு போன ஒரு பெரியவர் நான்காம் நாளே திரும்பி வந்து, “ஏம்மா, நல்லா இருந்த பல்லுக்கு நடுவுல சந்து விழ வச்சிட்டியே?” என்று கேட்டார். அவருடைய கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் பல ஆண்டுகளாகத் திரண்டு கல்லாகிப் போயிருந்த படிவை, அதாவது பற்காரையை, நான் எடுத்திருந்தேன். காரை அடைத்திருந்த இடம் காலியாகி, வீங்கியிருந்த ஈறும் வற்றியதால், எலும்பு கரைந்து முன்பே உண்டாகியிருந்த இடைவெளியை அவருடைய நாக்கு முதன்முறையாகத் தடவி அறிந்தது. எவ்வளவு விளக்கியும் அவர் சமாதானம் ஆகவில்லை. எடுத்த காரையை உறிஞ்சுகுழாய் அப்போதே கொண்டுபோய்விட்டிருந்ததால் என்னிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கொடுத்துவிடும் என்று ஊரில் தலைமுறையாகச் சொல்லிவருவதற்கு நானே ஒரு சாட்சியை அனுப்பிவைத்ததாக ஆயிற்று.

அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றையும், மிக நெருக்கத்தில் படம் எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸையும், அதன் முகப்பில் மாட்டும் ரிங் ஃபிளாஷையும் வாங்கினேன். வாய்க்குள் அத்தனை நெருக்கத்தில் படம் எடுக்கும்போது முன்பல் தெளிவாக விழுந்தால் கடைவாய்ப்பல் மங்கிவிடும் என்பதால் லென்ஸின் துவாரத்தை எஃப் 22 வரை குறுக்க வேண்டும். அப்படிக் குறுக்கினால் உள்ளே போகும் ஒளி போதாது, அதனால்தான் ஃபிளாஷ். இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டன. வாய்க்குள் வைக்கும் கண்ணாடியைக் கையாளப் பழகத்தான் மாதக்கணக்கானது.

கீழ் முன்பற்களின் உட்புறத்தை யாராலும் தாமாகச் சரியாகப் பார்த்துவிட முடியாது. நாக்கின் அடியில் உமிழ்நீர்க் குழாய்கள் திறப்பது அதன் அருகில்தான். ஆகவே உமிழ்நீரில் உள்ள சுண்ணச்சத்து படிந்து காரை மிகுதியாகக் கட்டுவதும் அங்கேதான். உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பிடித்து, வாய்க்குள் நீள் கண்ணாடியைச் செருகி, அதில் தெரியும் பிம்பத்தைத்தான் படமாக எடுக்க முடியும். வீட்டுக் கண்ணாடிபோல் பின்புறம் பூச்சுள்ளது என்றால் பிம்பம் இரட்டையாக விழும்; முன்புறம் பூச்சுள்ள கண்ணாடியே வேண்டும். மூச்சுப் பட்டதும் ஆவி படியும் என்பதால் முதலில் வெதுவெதுப்பான நீரில் போட்டுவைக்கிறோம், படம் எடுக்கும்போது உதவியாளர் காற்றையும் ஊதிக்கொண்டிருப்பார். இப்படி எடுத்த படத்தில் இடம் வலம் மாறியிருக்கும். திருப்பிப் போட மறந்து ஒருமுறை காட்டியபோது, “டாக்டர், எனக்கு வலி இந்தப் பக்கம் இல்லையே” என்று நோயாளியே என்னைத் திருத்தினார்.

படத்தைக் காட்டும் முறையிலும் நான் தவறுகள் செய்திருக்கிறேன். தொடக்கத்தில், நாற்காலியில் சாய்ந்து வாய் திறந்து கிடப்பவரின் முகத்துக்கு நேரே திரையைத் திருப்பி, பென்சிலால் சுட்டிச் சுட்டிப் பாடம் நடத்தினேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், ஆனால் பலர் மறுபடி வரவில்லை. இப்போது நாற்காலியை நிமிர்த்தி, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அமர்ந்த பிறகே படத்தைத் திறக்கிறேன். முதலில் முகத்தோடு சேர்ந்த சிரிப்பு, அடுத்து முழு வரிசை, அதன் பிறகே குறிப்பிட்ட பல். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் கட்சி. ஒரு கடுகளவுப் பள்ளத்தை முதலிலேயே திரை நிறையக் காட்டினால் அது கிணறுபோல் தோன்றும். அந்தப் பயத்தைக் காசாக்குவது மிகவும் எளிது. கடைவாய்ப்பல்லின் கோடுகளில் பழுப்புக் கறையைப் பார்த்துப் பதறி, உடனே அடைத்துவிடும்படி வற்புறுத்திய ஓர் இளைஞரிடம், அது வெறும் கறையாகவும் இருக்கலாம், ஆறு மாதம் கழித்து அதே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிடுவோம் என்றேன். எடுத்தோம், மாற்றம் எதுவும் இல்லை, அடைக்கவும் இல்லை. இரண்டு பற்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் சொத்தையோ பல்லைத் தாங்கும் எலும்போ கேமராவில் தெரியாது, அதற்கு எக்ஸ்ரே வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

ஒப்புதலைப் பொறுத்தவரை, படம் எடுப்பதற்கு ஒரு கையெழுத்து, வேறு எவரிடமும் காட்டுவதற்குத் தனியாக இன்னொரு கையெழுத்து. கண்களை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதை நான் ஏற்பதில்லை. சிரிப்பை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் ஊர் இது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறுவதற்கு முன்பே இந்த வழக்கத்துக்கு வந்துவிட்டேன்.

சென்ற மாதம் வெற்றிலை போடும் ஓர் அம்மாள் வந்தார். உட்புறப் படத்தைத் திறந்து வைத்துவிட்டு நான் எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது என் வாயா டாக்டரம்மா?” என்றார். பிறகு, “இந்த மஞ்சக் கல்லை எடுத்தா அந்த எடம் வெறுமனே கெடக்குமா?” என்று அவரே கேட்டார். கிடக்கும், சில நாட்கள் பல் கூசும், ஈறு கெட்டிப்படும், கரைந்துபோன எலும்பு மட்டும் திரும்ப வளராது என்றேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், மறுவாரம் கணவரோடு வந்தார். பல்லைச் சுரண்டினால் ஆடாதா என்று அவர் என்னிடம் கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் திரையைக் கைகாட்டி, “ஏங்க, சந்து இப்பவே இருக்குங்க, கல்லு மூடிக்கிட்டுக் கெடக்கு, அவ்ளோதான்” என்றார்.