வளைத்து முடித்த ஃபெண்டரில் ஒரு பள்ளம்

ஃபெண்டரின் (வண்டிச் சக்கரத்தின் மேல் மூடும் தகடு) வளைவு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. 1 மி.மீ. இரும்புத் தகடு, மணல் பையில் குழித்து, இங்கிலீஷ் வீலில் (இரு உருளைகளுக்கு நடுவே தகட்டை விட்டு வளைக்கும் கருவி) ஓட்டி எடுத்தது. இனி அதன் பக்கவாட்டில் ஒரு பள்ளம் வேண்டும். 180-க்கு 60, ஆழம் 6 மி.மீ. துளை கிடையாது, வெறும் அலங்காரம்தான்.

தகடு தட்டையாக இருந்தபோதே போட்டிருக்கலாமே என்று தோன்றும். பள்ளம் போட்ட தகட்டை வீலில் விட்டால் உருளைகள் அதை நசுக்கிவிடும். தப்பினாலும் அந்த இடம் மட்டும் விறைத்துக்கொண்டு, மற்ற பகுதியோடு சேர்ந்து வளையாது. சரி, தகட்டில் வரிப்பள்ளம் போடும் உருளைக் கருவியான பீட் ரோலர்? இரண்டு திசையிலும் வளைந்த இவ்வளவு பெரிய தகட்டை அதன் வாய்க்குள் விட்டுத் திருப்ப இடமில்லை. ஆகவே கட்டையும் சுத்தியலும்.

18 மி.மீ. பிளைவுட்டில் பள்ளத்தின் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினேன். மூலைகளுக்கு 12 மி.மீ. ஆரம், உள்விளிம்புக்கு 45 டிகிரி சரிவு. பிளைவுட் தட்டை, ஃபெண்டர் வளைவு. இரண்டும் எப்படி ஒட்டும்? ஃபெண்டரின் உட்புறத்தில் பாலிதீன் தாளைப் பரப்பி, பிளைவுட்டில் டிங்கரிங் பட்டியை (வண்டித் தகட்டுப் பள்ளங்களை நிரப்பும், இறுகும் பசை) அப்பி, அழுத்தி வைத்துவிட்டேன். இறுகியதும் எடுத்துப் பார்த்தால் வளைவு அச்சு அசலாக அதில் ஏறியிருந்தது. வெளிப்பக்கத்துக்கும் இதேபோல ஒரு சட்டம். நடுவில் தகடு, சுற்றிலும் கிளாம்ப்.

நல்லவேளை, முதலில் ஒரு கழிவுத் துண்டை அதே வளைவுக்குக் கொண்டுவந்து அதில் முயன்றேன். நைலான் உளியை வைத்து விளிம்போடு தட்டிக்கொண்டே போனதில் பள்ளம் அழகாக விழுந்தது. கிளாம்பைக் கழற்றியதும்தான் வேடிக்கை. சுற்றியிருந்த வளைவு 3 மி.மீ. தட்டையாகியிருந்தது. பக்கத்தில் விரலால் அழுத்தினால் ‘டொப்’ என்று உள்ளே போய், விட்டதும் வெளியே வந்தது, டப்பா மூடி மாதிரி.

காரணம் சின்னக் கணக்கு. 6 மி.மீ. ஆழத்துக்கு 45 டிகிரி சரிவு என்றால், சரிவின் நீளம் சுமார் 8.5 மி.மீ. முன்பு அந்த இடத்தில் இருந்தது 6 மி.மீ. தகடு. ஒரு பக்கத்துக்கு 2.5, இரண்டு பக்கத்துக்கு 5 மி.மீ. கூடுதலாக வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் கிளாம்பையும் மீறிப் பக்கத்திலிருந்து அது இழுத்துக்கொள்ளும். அந்த 3 மி.மீ. அங்கேதான் போயிருக்கிறது.

எனவே அந்தப் பிளைவுட் அச்சில் மாட்டும் முன்பே, பள்ளத்தின் எல்லைக் கோட்டுக்கு உள்ளே மட்டும் தகட்டை நீட்டினேன். ஃபெண்டரை மணல் பைமேல் வைத்து, உருண்டை முனை மர சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழித்தேன். குறுக்கே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி அளந்தால் 60 என்பது 65 ஆக வேண்டும். அதற்கு அந்தக் குழிவு, அதாவது கிண்ணம், 10 மி.மீ.க்கும் சற்று மேல் ஆழம் போக வேண்டும். நான் 8-லேயே நிறுத்தினேன். மீதி, விளிம்பைத் தட்டும்போது தானாக நீளும் என்று ஒரு கணிப்பு. கிண்ணம் பள்ளத்தைவிட ஆழமாக இருப்பதைப் பார்க்க வயிற்றைக் கலக்கியது உண்மை.

அப்புறம் அச்சில் மாட்டி, சுற்றுக்கு 1.5 மி.மீ. வீதம் விளிம்பை மட்டும் இறக்கினேன். விளிம்பு இறங்க இறங்க நடுக்கிண்ணம் தட்டையாகிக்கொண்டே வந்தது. தகடு கட்டையைத் தொட்ட இடத்தில் ‘டங்’ என்ற சத்தம் ‘தட்’ என்று மாறும்; கண்ணைவிட அதைத்தான் நம்பினேன். கடைசியில் பின்னாலிருந்து ஒரு தட்டைக் கட்டையைக் கொடுத்து அடிப்பகுதியைச் சமன் செய்தேன்.

ஃபெண்டரின் வளைவுக்கு முன்பே வெட்டி வைத்திருந்த அட்டை அளவச்சை வைத்துப் பார்த்தேன். வளைவு அரை மி.மீ.க்குள் நின்றது. ‘டொப்’ இல்லை. ஆனால் கீழ்முன் மூலையில் நகக்கீறல் போல ஒரு விரிசல். பொறுமையிழந்து கடைசிச் சுற்றில் ஓங்கி அடித்தது அந்த மூலையில்தான். டிக் வெல்டால் ஒரு பொட்டு வைத்து, அரத்தால் தேய்த்துவிட்டேன்.

அடுத்தது வலது ஃபெண்டர். இடம் வலம் மாறுவதால் பட்டியை மறுபடி அப்ப வேண்டும். எப்படியும் பழையதன் விளிம்பு அடி வாங்கி உதிர்ந்துவிட்டது. இந்த முறை மூலை ஆரத்தை 15 ஆக்கிப் பார்க்கலாமா என்றால், இடது பக்கம் 12 என்று சிரிக்கிறது.