அண்ணாச்சி உனக்கு என்ன சொந்தமா?

டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாகச் சேருகிறவர்களுக்கு மெஷினைப் பற்றிச் சொல்லித் தருகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, தண்ணீர் சுத்திகரிப்பு, கிருமித்தொற்று எல்லாமே சொல்லித் தருகிறார்கள். ஒரே மனிதரை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று வருஷக்கணக்கில் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டால் அவர் நமக்கு யார் ஆகிவிடுவார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மற்ற வார்டுகளில் ஐந்தாறு நாளில் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், முகம்கூட மறந்துபோகும். எங்கள் பிரிவில் டிஸ்சார்ஜ் என்ற பேச்சே கிடையாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு போகிறவர்கள் கொஞ்சம் பேர், ஊர் மாறிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர், மீதிப் பேர் கடைசிவரை எங்களிடம்தான் வருகிறார்கள்.

அப்படி ஒருவர் போய்ச் சேர்ந்ததற்கு நான் வருத்தப்பட்டபோது சுற்றியிருந்தவர்கள் என்னிடம் சொன்னதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தச் சாவைவிட அந்தப் பேச்சுதான் என்னை ரொம்ப நாள் அரித்தது.

அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மளிகைக் கடைக்காரர், உடம்பு முடியாமல் போன பிறகு கடையை மகன் பார்த்துக்கொண்டார். திங்களும் வியாழனும் காலை முதல் ஷிஃப்ட். வந்ததும் எடை பார்க்க வேண்டும், ஏனென்றால் ட்ரை வெயிட்டுக்கு, அதாவது தேங்கிய நீர் இல்லாமல் இருக்க வேண்டிய எடைக்கு, மேலே எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் உடம்பில் தேங்கிய நீர், அதைத்தான் மெஷின் வைத்து எடுக்கிறோம். அண்ணாச்சி செருப்பைக் கழற்றுவார். செல்போன், சாவிக்கொத்து, மூக்குக் கண்ணாடி, கடைசியில் தோளில் கிடக்கும் துண்டைக்கூட மகன் கையில் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார். மூன்றரைக் கிலோ கூடியிருக்கும். "எங்க கடைத் தராசு இப்படிக் காட்டாதும்மா" என்பார். "ராத்திரி மோர் குடிச்சீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டால் பதில் வராது, போட்டுக்கொடுத்தது நீதானே என்கிற மாதிரி மகனை ஒரு பார்வை பார்ப்பார்.

அவருக்கு இடது கையில் ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சை செய்து இணைத்திருக்கும் இடம் அது. ஊசி போடுவதற்கு முன்பு அதன்மேல் விரலை வைத்துப் பார்ப்போம், உள்ளே ரத்தம் வேகமாகப் பாயும் அதிர்வு விரல் நுனியில் தெரிய வேண்டும். த்ரில் என்று சொல்வோம். அது ஆளுக்கு ஆள் மாறும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அண்ணாச்சி கை எது என்று நான் சொல்லிவிடுவேன். போடுவது பதினாறாம் நம்பர் ஊசி, நல்ல தடிமன், ஒரு தடவைக்கு இரண்டு. வேறு யார் குத்தினாலும் வலிக்கிறது என்று என்னைத்தான் கூப்பிடுவார். இப்படி ஒருவருடைய ரத்தத்தை மாதக்கணக்கில் விரலால் தொட்டுப் பார்த்த பிறகு அவர் வெறும் பேஷண்ட் என்று எப்படிச் சொல்வது, எனக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை.

எங்கள் வேலையில் திங்கட்கிழமை என்றாலே ஒரு பயம் உண்டு. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் அமெரிக்க நோயாளிகளை வைத்து 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அவர்களுக்கு இரண்டு நாள் இடைவெளி விழும், அதற்கு மறுநாள்தான் மற்ற நாட்களைவிட இறப்பு அதிகம் என்று அது காட்டியது. இங்கே நிறைய பேர் வாரம் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தாலும் வண்டிச் செலவையும், கூட வருகிறவர் இழக்கும் கூலியையும் யார் தருவது? அதனால் வியாழக்கிழமை போனவர் திங்கள் காலை வந்து எடை மெஷினில் ஏறும்வரை எனக்கு நிம்மதி இருக்காது. அன்றைக்கு அவருக்குப் பதிலாக மகனிடமிருந்து போன் வந்தது. ஞாயிறு ராத்திரி மூச்சுத் திணறலாம், வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டதாம்.

இன்சார்ஜ் மேடம் போனை வைத்ததும் ரெஜிஸ்டரை எடுத்தார். "சரி, வெயிட்டிங்ல யாரு? உடனே வரச் சொல்லு, மெஷின் சும்மா நிக்குது." எட்டு மணிக்கெல்லாம் அதே பெட்டில் வேறொருவர் படுத்திருந்தார். அவருக்கு டியூப் மாட்டும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "அழறதுன்னா பாத்ரூம்ல போய் அழுதுட்டு வா, பேஷண்டெல்லாம் பயந்துருவாங்க" என்றார் மேடம். கூட வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் ஒருவர், நல்ல மனுஷன்தான், கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, அண்ணாச்சி உனக்கு என்ன சொந்தமா?" சாயங்காலம் வீட்டில் அம்மா, "அவருக்குக் கஷ்டம் தீர்ந்துச்சு, நீ ஏன் போட்டு அலட்டிக்கிற?" கணவர், "ஆஸ்பத்திரி விஷயத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டு வரத் தெரியாதா?" ஆக ஒரே நாளில் நாலு பேர், நாலும் வேறு வேறு மாதிரிப் பேச்சு, எல்லாவற்றுக்கும் சாரம் ஒன்றுதான்: உனக்கு இந்த அழுகை ஆகாது.

இதில் சீனியர் அண்ணன் கேட்டதுதான் எனக்குள் நின்றுவிட்டது. மற்றதெல்லாம் சமாதானம், அவசரம், அலுப்பு. இது மட்டும்தான் நிஜமான கேள்வி. நம் ஊரில் துக்கத்துக்கு முறை உண்டு. பங்காளிக்கு இத்தனை நாள் தீட்டு, சம்பந்தி எங்கே நிற்க வேண்டும், கோடி யார் போட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. தூரத்துச் சொந்தம் ஒருவர், செத்தவர் முகத்தைப் பத்து வருஷம் பார்க்காதவராக இருந்தாலும் வந்து உட்கார்ந்து அழலாம், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. வாரம் எட்டு மணி நேரம் அவர் பக்கத்தில் இருந்த டெக்னீஷியனுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. கென்னத் டோகா என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1980-களின் கடைசியில் இதைப் பற்றி விரிவாக எழுதி, 'அங்கீகரிக்கப்படாத துக்கம்' (disenfranchised grief) என்று பெயரும் வைத்தார்: ஊரும் உறவும் 'இது துக்கப்பட வேண்டிய விஷயம்தான்' என்று ஏற்றுக்கொள்ளாத துக்கங்கள் உண்டு, அவை ஆறுவதற்கு அதிக நாள் பிடிக்கும், ஏனென்றால் துக்கத்தோடு சேர்த்து அதை மறைக்கிற பாரமும் இருக்கிறது. எனக்கு நடந்ததற்கு ஏற்கெனவே ஒருவர் பெயர் வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. அதுவரை எனக்குத்தான் ஏதோ கோளாறு, மற்றவர்களெல்லாம் திடமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அந்த வாரம் நடந்தது. அண்ணாச்சிக்குப் பக்கத்து பெட்டில் வழக்கமாக ஓர் அக்கா வருவார். இருவரும் நான்கு மணி நேரமும் பேசிக்கொண்டே இருப்பார்கள், மகள் கல்யாணம், துவரம்பருப்பு விலை, யார் வீட்டில் என்ன சண்டை எல்லாம். இறந்தவர்களைப் பற்றி மற்ற நோயாளிகள் கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறார், வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டார் என்று சொல்வதுதான் எங்கள் பிரிவின் வழக்கம். அந்த அக்கா கேட்டார், ஒரு சிஸ்டரும் அதையே சொன்னார். அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் இப்படித்தான் சொல்வீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களை அழாதே என்று சொல்வது எதுவோ அதேதான் இந்த அக்காவிடம் பொய்யும் சொல்கிறது. ஊழியர்கள் திடமாக இருக்க வேண்டும் என்று தொடங்கி, கடைசியில் நோயாளி தன் சிநேகிதருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதற்குக்கூட வழியில்லாமல் செய்துவிடுகிறோம். இது எனக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை, இதை இப்படியே விடக் கூடாது என்று முடிவெடுத்தது அந்த நிமிஷத்தில்தான்.

அப்புறம் நான் செய்ததில் எது உதவியது, எது உதவவில்லை என்பதைச் சொல்கிறேன். வாதாடுவது உதவவில்லை. "உங்களுக்கு மனசே இல்லையா?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தன் மனசைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், நம் பேச்சு காற்றோடு போகும். அதைவிட ஒரு சின்ன பதில் போதும். மறுபடி யாரோ "சொந்தமா?" என்று கேட்டபோது, "சொந்தம் இல்லைதான், ஆனா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றேன், அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவரும் விட்டுவிட்டார். நம் வருத்தம் நியாயமானது என்று நிரூபிக்கப் போனால் அடுத்தவர் நீதிபதி ஆகிவிடுகிறார். அந்த நாற்காலியில் அவரை உட்கார வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். மனசு கனமாக இருக்கும்போது முதலில் கண்ணில் படுகிறவரிடம் கொட்டத் தோன்றும். ஆனால் ஷிஃப்ட் நடுவில், நாலு மெஷின் அலாரம் அடிக்கும்போது யாராலும் காது கொடுக்க முடியாது, அது அவர்கள் குற்றம் இல்லை. வேறு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவிலேயே வேலை பார்க்கும் ஒரு பழைய தோழி இருக்கிறாள், இப்போது அவளுக்குத்தான் போன் போடுகிறேன். வீட்டில் கணவரிடம் முன்னாடியே சொல்லிவிடுவேன்: "நீங்க எதுவும் சொல்ல வேணாம், அஞ்சு நிமிஷம் கேளுங்க, போதும்." இது உண்மையிலேயே வேலை செய்கிறது. அவர் அன்றைக்கு அப்படிச் சொன்னதே என்னை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல்தான், எதையும் சரிசெய்ய வேண்டாம் என்றதும் மனுஷனுக்கும் மூச்சு வந்தது.

கேட்பதற்கு யாருமே இல்லாத நாட்களில் எழுதி வைக்கிறேன். 'கஷ்டமா இருக்கு' என்று மொத்தமாக எழுதுவதில்லை, இது வருத்தமா, கோபமா, பயமா என்று பிரித்து எழுதுவேன். அண்ணாச்சி விஷயத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் பாதி கோபம் என்று தெரிந்தது, பெட்டை அவ்வளவு சீக்கிரம் நிரப்பியதன்மேல் கோபம். மாத்யூ லீபர்மேன் என்பவரும் குழுவும் 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று இருக்கிறது. கோபமான, பயந்த முகங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று வார்த்தையால் குறிக்கச் சொன்னபோது மூளையில் அமிக்டலா என்கிற பகுதியின் கொதிப்பு குறைந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் முகப்படம் பார்ப்பது வேறு, நம் வாழ்க்கை வேறுதான், ஆனாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. எழுதியும் பேசியும் தீராமல், தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வேலைக்குப் போகவே கை கால் நடுங்குகிறது என்றால் அது வேறு கட்டம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நாமே இதற்குக் கூச்சப்படுகிறோம் என்பது எனக்கு வேதனையான விஷயம்.

மேடத்திடம் பேசப் போனபோது புகாராகப் பேசாமல் குறிப்பாக இரண்டு விஷயம் கேட்டேன். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்கிற அவசரப் பிரிவு நர்ஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நோயாளி இறந்ததும் அங்கே இருக்கும் எல்லாரும், டாக்டர் உட்பட, சுமார் ஒரு நிமிஷம் ஒன்றாக நிற்பார்கள், அப்புறம் அவரவர் வேலைக்குப் போவார்கள். அதைச் சொல்லி, நம் பிரிவிலும் யாராவது இறந்த செய்தி வந்தால் ஒரு நிமிஷம் நிற்கலாமா என்று கேட்டேன். மேடம் மறுத்துவிட்டார். எல்லா பெட்டிலும் ஆள் படுத்திருக்கும்போது நாம் வரிசையாக நின்றால் அத்தனை பேருக்கும் பிரஷர் ஏறிவிடும் என்றார். யோசித்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாவது, கேட்கிற நோயாளியிடம் பொய் சொல்ல வேண்டாம் என்பது. அதற்கு ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களாக் கேட்டா மட்டும், டயாலிசிஸ் முடிஞ்சு ஊசி எடுத்ததுக்கு அப்புறம் சொல்லு" என்று ஒத்துக்கொண்டார். முன்னாடி சொன்னால் பாதியில் பிரஷர் குறையும், கூடும், ஆபத்து. அந்த நிபந்தனை சரியானது, என்னைவிட அனுபவசாலி என்பது அதில் தெரிந்தது.

அந்த அக்காவிடம் நானே சொன்னேன். "எப்பன்னு சொல்லு, எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டார். அழுதார். அப்புறம் அண்ணாச்சி கடையில் தனக்கு ஒரு தடவை வெல்லம் சும்மா கொடுத்ததைச் சொன்னார், நான் மோர்க் கதையைச் சொன்னேன். கைக்கட்டைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்க எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும், கூடுதலாக ஒரு நிமிஷம்கூட யாருக்கும் வீணாகவில்லை.

மேடமும் நானும் எல்லாவற்றிலும் ஒத்துப்போய்விட்டோம் என்று சொல்ல முடியாது. நோயாளி வீட்டுத் துக்கத்துக்குப் போவது அவருக்குப் பிடிக்காது, "பழக்கமாயிரும், அப்புறம் வாரா வாரம் போவியா?" என்பார். எனக்கு முடிந்தால் போக வேண்டும். சமீபத்தில் இன்னொருவர் தவறியபோது ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போய்வந்தேன். ஷிஃப்ட் மாற்றும் ரெஜிஸ்டரில் காரணம் என்கிற கட்டத்தில் எல்லாரும் 'சொந்த வேலை' என்றுதான் எழுதுவோம். நான் யாருடைய துக்கத்துக்குப் போகிறேன் என்பதை எழுதினேன். மேடம் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், "பன்னெண்டு மணிக்குள்ள வந்துரு, ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு ஆள் இல்ல" என்றார்.