எம்6 எங்கும் கிடைக்கும்

சிறு விமானப் பராமரிப்பில் நேரம் எதற்கு அதிகம் போகிறது என்று வெளியாட்களைக் கேட்டால் என்ஜின் என்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், பாதி நாள் போல்ட், நட், வாஷர் தேடித்தான் கழிகிறது. இஞ்ச் அளவில் கட்டிய அமெரிக்க விமானம் என்றால் சரியான போல்ட் சுலபத்தில் கிடைப்பதில்லை என்பது தொல்லை. மெட்ரிக் அளவில் கட்டிய ஐரோப்பிய விமானம் என்றால் எங்கு திரும்பினாலும் கிடைக்கிறது என்பது தொல்லை. இந்த இரண்டாவது தொல்லைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இஞ்ச் விமானங்களின் போல்ட்கள் பெரும்பாலும் ஏஎன் என்ற பழைய அமெரிக்க ராணுவ, கடற்படைத் தரத்தில் வருபவை. ஏஎன்4-12ஏ என்று கேட்டலாக்கில் இருந்தால் அதிலேயே எல்லாம் அடங்கிவிடும்: கால் இஞ்ச் விட்டம், சுமார் ஒன்றேகால் இஞ்ச் நீளம், தண்டில் ஸ்பிளிட் பின்னுக்கான துளை இல்லை. எஃகு போல்ட் என்றால் தலையில் சிலுவையோ நட்சத்திரமோ போன்ற குறி இருக்கும். இஞ்ச் புழங்கும் நாடுகளில் அதே மரையுள்ள கார் போல்ட்களும் விற்கின்றன, உண்மைதான். ஆனால் தலைக்குறியைப் பார்த்ததுமே எது எது என்று தெரிந்துவிடும். ஏஎன் எண்ணைச் சொன்னால் விமான உதிரிபாகம் விற்பவர் தவிர வேறு யாருக்கும் புரியாது. அதுவே ஒரு வேலி.

மெட்ரிக்கில் அந்த வேலி இல்லை. எம்6, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட், சைக்கிளில் இருக்கிறது, வாஷிங் மெஷினில் இருக்கிறது, காரில் கைக்கு எட்டும் இடமெல்லாம் இருக்கிறது. அதே மரை, அதே 10 மி.மீ. ஸ்பேனர். அதனால்தான் விமானத்தின் சொந்தக்காரர் ஒருநாள் காகிதப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். "சார், நீங்க கேட்ட எம்8 இதோ இருக்கு. இதுக்குப் போய் மாசக்கணக்கா காத்திருக்கணுமா?" தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பளிச்சென்று இருக்கும். பழைய போல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பது போலவே தோன்றும்.

சில நேரம் உண்மையிலேயே நியாயம் இருக்கும். இதைப் பலர் ஒத்துக்கொள்வதில்லை. இலகுரக ஐரோப்பிய விமானங்கள் சிலவற்றின் உதிரிபாகப் பட்டியலில் வடிவமைத்தவரே டிஐஎன் 931, எம்8, 8.8 என்று எழுதியிருப்பார். அது தொழிற்சாலைகளுக்கெல்லாம் பொதுவான ஜெர்மன் தரம். அங்கே விமானத்துக்கென்று தனி போல்ட் கிடையாது, அந்தத் தரத்தில் செய்ததற்கு ஆதாரம் இருந்தால் போதும். ஆனால் அதே பட்டியலில் அடுத்த வரியில் எல்என் 9037 என்று இருக்கலாம். எல்என் என்பது ஜெர்மானிய விமானத் தரம். இரண்டும் அறுகோணத் தலை, இரண்டும் எம்8. பட்டியலைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

தெரியாத வித்தியாசம் தண்டில் ஆரம்பிக்கிறது. டிஐஎன் 931 எம்8 போல்ட்டின் வழவழப்பான தண்டு 8.00 மி.மீ. முதல் 7.78 மி.மீ. வரை எந்த அளவிலும் இருக்கலாம். தரம் அதை அனுமதிக்கிறது. ஏஎன்4 போல்ட்டில் அந்த விலக்கம் 0.003 இஞ்ச், அதாவது 0.08 மி.மீ.க்கும் குறைவு. இழுவையை மட்டும் தாங்கும் இடமென்றால் தண்டு கொஞ்சம் மெலிந்திருந்தாலும் பரவாயில்லை. குறுக்கே வெட்டும் விசையைத் தாங்கும் மூட்டு என்றால் கதை வேறு. இரண்டு போல்ட்கள் பங்குபோட வேண்டிய சுமையை, துளையை இறுக்கமாக நிரப்பும் ஒன்றே முதலில் வாங்கும். மற்றது துளைக்குள் அசைந்து அசைந்து துளையை நீள்வட்டமாக்கும்.

அடுத்தது மரையின் நீளம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் தொந்தரவு புரியும். டிஐஎன் 931-இல் வழக்கமான நீளங்களுக்கு எம்8 போல்ட்டின் மரை 22 மி.மீ. மூட்டின் மொத்தத் தடிமன் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. போல்ட் எடுத்தால் வழவழப்பான பகுதி 18 மி.மீ.தான், மீதி 7 மி.மீ. மரை துளைக்குள்ளேயே உட்காரும். மரை துளையின் சுவரில் அழுந்தினால் அரமாகத் தேய்க்கும். போல்ட்டுக்கும் அந்த இடத்தில்தான் பலம் குறைவு. சரி, 50 மி.மீ. எடுக்கலாம் என்றால் தண்டு 28 மி.மீ. வரும். மிச்சம் 3 மி.மீ.க்கு வாஷர் போட வேண்டும். 8 மி.மீ. நட்டும் ஏறிய பிறகு 14 மி.மீ. வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கட்டுப்பாட்டுக் கேபிள் ஓடுகிறதென்றால் அந்த வால் யோசிக்க வேண்டிய விஷயம். வாலை வெட்டிவிடலாமே என்பார்கள். வெட்டிய முனையில் பூச்சு போய்விடும், துரு அங்கேதான் பிடிக்கும். விமானத்துக்கென்று செய்யும் போல்ட்களில் மரை குட்டையாக இருப்பது இதற்காகத்தான். தண்டு மூட்டை முழுக்க நிரப்பி, நட்டுக்கு வெளியே ஒன்றிலிருந்து மூன்று மரைச்சுற்று வரை தெரிய வேண்டும் என்பது நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வாய்ப்பாடு.

8.8 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவிசை வலிமை 800 மெகாபாஸ்கல். இரண்டாவது எண் அதில் எத்தனை பங்கில் உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்குகிறது என்பதைச் சொல்கிறது, இங்கே பத்தில் எட்டு, 640. ஏஎன் போல்ட்டின் வலிமை சதுர இஞ்சுக்கு 1,25,000 பவுண்டு, சுமார் 860 மெகாபாஸ்கல். அதாவது 8.8-ஐவிடக் கொஞ்சம் மேலே, 10.9-க்கு நன்றாகக் கீழே. இதைத் தெரிந்துகொண்டதும் பலருக்கு ஒரு யோசனை வரும். எதற்கு வம்பு, 12.9 போட்டுவிடலாமே? பலமாக இருந்தால் நல்லதுதானே?

இந்த யோசனையோடு நான் பல தடவை மல்லுக்கட்டியிருக்கிறேன். மிகவும் கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். பூசிய கையோடு சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். அந்த வேலையில் அலட்சியம் காட்டியிருந்தால் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. போல்ட் அழகாக ஏறும், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான இடத்தில் சொடுக்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரும் தொடாத நிலையில், தலை தனியாகக் கழன்று தரையில் கிடக்கும். 8.8-இல் இந்தப் பயம் அநேகமாக இல்லை, 12.9-இல் நிறையவே உண்டு. போதாததற்கு, வடிவமைத்தவர் எந்தப் பாகம் முதலில் வளைய வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருப்பார். போல்ட்டை மட்டும் பலப்படுத்தினால் அந்த வரிசை குலைந்து, மாற்ற முடியாத பிராக்கெட்டில் போய் விரிசல் விழும்.

பூச்சிலும் ஏமாறலாம். விமான போல்ட்களின் பழைய காட்மியம் பூச்சு மங்கலான பொன்னிறத்தில் இருக்கும். கடைகளில் வரும் மஞ்சள் துத்தநாகப் பூச்சும் ஏறத்தாழ அதே நிறம்தான். நிறத்தை வைத்து "இது விமானச் சரக்கு" என்று விற்பவர்களும் உண்டு, நம்புகிறவர்களும் உண்டு. துருப்பிடிக்காத எஃகு இன்னொரு ஆசை. ஏ2-70 என்று தலையில் இருந்தால் அதன் வலிமை 700 மெகாபாஸ்கல், நீளத் தொடங்குவதோ 450-இல். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உள்ளே பலம் குறைவு. கவர் மூடிகளுக்குப் போடலாம், மூட்டுகளுக்கு வேண்டாம்.

கலப்பு விமானங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. உடல் ஐரோப்பாவில் செய்தது, என்ஜின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ், எல்லாம் மெட்ரிக். ஆனால் சக்கரமும் பிரேக்கும் சில கருவிகளும் அமெரிக்காவிலிருந்து வந்தவையாக இருக்கலாம். அங்கே 10-32 என்ற இஞ்ச் ஸ்குரூ இருக்கும். அதன் விட்டம் 4.8 மி.மீ., மரை இடைவெளி 0.794 மி.மீ. எம்5-இன் விட்டம் 5 மி.மீ., இடைவெளி 0.8 மி.மீ. எம்5 நட்டுக்குள் 10-32 ஸ்குரூ தடையே இல்லாமல் ஏறும். லேசாகத் தளர்வது போல இருக்கும், அவ்வளவுதான். முழு விசை வரும்போது மரை உரிந்துகொண்டு வந்துவிடும். மரை அளவியை வைத்துப் பார்த்தாலும் இரண்டும் பொருந்துவது போலத்தான் தெரியும், வெர்னியர் காலிப்பர்தான் காட்டிக்கொடுக்கும். எம்8-க்கும் ஐந்து பதினாறாம் இஞ்சுக்கும் விட்டம் இன்னும் நெருக்கம், 8.00-க்கு 7.94. ஆனால் மரை இடைவெளி வேறு, ஒன்றிரண்டு சுற்றிலேயே சிக்கி நின்றுவிடும். அந்த ஜோடி நாணயமானது.

கண்ணால் பொருத்திப் பார்த்து எடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1990 ஜூன் 10-ஐ விடப் பெரிய உதாரணம் தேவையில்லை. பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தில் கேப்டன் பக்கத்துக் கண்ணாடி நடுவானில் பிடுங்கிக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுதாம்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். சுமார் 27 மணி நேரம் முன்பு அந்தக் கண்ணாடியை மாற்றியபோது போட்ட 90 போல்ட்களில் 84 போல்ட்களின் விட்டம் 0.026 இஞ்ச் குறைவு, மீதி ஆறும் நீளத்தில் 0.1 இஞ்ச் குறைவு. கேட்டலாக்கைத் திறந்து எண்ணைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு ஒப்பிட்டு எடுத்தவை. சொல்லப்போனால் கழற்றிய பழைய போல்ட்களிலேயே பெரும்பாலானவை தவறான நீளத்தில்தான் இருந்தன. எனக்கு இந்த விபத்தில் மிகவும் உறைப்பது இந்த இடம்தான். விமானத்தில் ஏற்கெனவே இருப்பது சரியானது என்பதற்கு என்ன உத்தரவாதம்? முன்னால் வேலை பார்த்தவரும் ஒரு பொட்டலத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கலாம். அதனால் மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் தேடப் போவதில்லை. பட்டியலின் எண்ணை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

எங்கே போவது? விமானத்தைச் செய்த நிறுவனம் இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அங்கே. பதில் வரும், ஆனால் பட்டியலில் உள்ள பழைய எண் ரத்தாகி வேறொன்று வந்திருக்கும். டிஐஎன் 931-க்குப் பதில் ஐஎஸ்ஓ 4014 என்பார்கள். அதில் எம்10-இன் தலை 17-லிருந்து 16 மி.மீ.யாகச் சிறுத்திருக்கும். காகிதத்தில் சின்ன மாற்றம், ஆனால் இடுக்கான மூலையில் சாக்கெட் மாட்டும்போது முதல் தடவை எல்லோரும் குழம்புவார்கள். நிறுவனம் மூடிப்போயிருந்தால் நான் தட்டும் கதவு என்ஜின் இல்லாமல் மிதந்து பறக்கும் கிளைடர்களின் பட்டறைகளுடையது. உலகெங்கும் பறக்கும் கிளைடர்களில் பெரும்பகுதி ஜெர்மனியில் செய்தவை, எல்லாம் மெட்ரிக். அதனால் எல்என் தர போல்ட்டும், முழுக்க உலோகத்தாலான எல்என் 9348 பூட்டு நட்டும் அவர்கள் அலமாரியில் இருக்கும். என்ஜின் அறைக்கு அந்த நட்தான் வேண்டும். நைலான் வளையம் வைத்த டிஐஎன் 985 நட் சுமார் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிடியை விட்டுவிடும்.

ஒருமுறை ஒரு விற்பனையாளர் கேட்ட எண்ணிக்கையில், கேட்ட அளவில், கேட்ட தேதிக்கே அனுப்பிவைத்தார். பில்லில் "எம்8 போல்ட்" என்று மட்டும் இருந்தது. தர எண் இல்லை, தொகுதி எண் இல்லை. தலையில் 8.8 இருந்தது, பக்கத்தில் செய்தவரின் குறி இல்லை. ஐஎஸ்ஓ 898 தரப்படி எம்5-உம் அதற்கு மேற்பட்டதுமான அறுகோண போல்ட்டில் இரண்டும் இருந்தாக வேண்டும். சான்று கேட்டதற்கு, "போல்ட்டுக்கெல்லாம் யார் சார் சர்டிஃபிகேட் கேக்கறாங்க?" என்று போனிலேயே சிரித்தார். திருப்பி அனுப்பினேன். சொந்தக்காரர் முகம் கொடுத்துப் பேசச் சில நாள் ஆனது.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தரப்படுத்திய போல்ட்டுக்கு ஐரோப்பிய விதிகளில் ஃபார்ம் 1 என்ற விமான உதிரிபாக வெளியீட்டுச் சான்று தேவையில்லை. பலர் அதைக் கேட்டே வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். தேவைப்படுவது, இந்தத் தொகுதி இந்தத் தரத்தில் செய்தது என்று தேடிப் போய்ச் சரிபார்க்கக்கூடிய ஒரு சான்று. செய்தவரின் சோதனை முடிவுகளோடு வரும் ஈஎன் 10204 3.1 சான்றிதழ் கிடைத்தால் இன்னும் நல்லது. 1989 செப்டம்பர் 8 அன்று ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் போன பார்ட்னேர் நிறுவனத்தின் கான்வேர் 580 விமானம் டென்மார்க் கடலோரத்தில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். செங்குத்து வாலைப் பிடித்திருந்த போல்ட்களில் தரம் குறைந்த போலிகள் இருந்ததை விசாரணை கண்டது. போலியும் அசலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், அதற்காகத்தானே அதைச் செய்கிறார்கள்.

துளையைப் பெரிதாக்கி ஏஎன் போல்ட்டுக்கு மாறிவிடலாம் என்ற யோசனையும் வரும். அது வடிவமைப்பு மாற்றம், ஒப்புதல் இல்லாமல் தொட முடியாது. துளை பெரிதானால் விளிம்புக்கு உள்ள தூரம் குறையும், அதைத் திரும்பப் பெறவும் முடியாது. இறுக்கும் விசையிலும் அப்படித்தான், காருக்கான அட்டவணை எம்6-க்கு 10 நியூட்டன் மீட்டர் வரை சொல்லும். விமான அட்டவணையில் ஏறத்தாழ அதே பருமனுள்ள கால் இஞ்ச் போல்ட்டுக்கு 50 முதல் 70 இஞ்ச் பவுண்டுதான், அதாவது 8-ஐத் தொடாது. அந்தந்த விமானத்தின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

இப்போதெல்லாம் வருடாந்திரச் சோதனைக்கு விமானம் வருவதற்குப் பல வாரம் முன்பே பட்டியலை எடுத்துவிடுகிறேன். கழற்றினால் திரும்பப் போடக் கூடாத நட்கள், விரலாலேயே சுற்ற வரும் அளவுக்குப் பிடி தளர்ந்திருக்கக்கூடியவை, துருப்பிடிக்கும் இடத்து போல்ட்கள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஆர்டர் போய்விடும். வந்தவை சான்றின் நகலோடு தனித்தனிப் பைகளில், தொகுதி எண் எழுதி, இஞ்ச் சரக்கோடு கலக்காத வேறு அலமாரியில். கழற்றிய பழைய போல்ட்களைப் புதியவை ஏறிக் கையெழுத்து விழும் வரை வைத்திருப்பேன். பிறகு ஒவ்வொன்றின் மரையையும் கிரைண்டரில் பிடித்துச் சிதைத்துவிட்டுத்தான் குப்பையில் போடுவது. நல்லாத்தானே இருக்கு என்று யாராவது எடுத்து இன்னொரு பொட்டலத்தில் போட்டுவிடக் கூடாது.