சோழகக் காற்றில் தனுஷ்கோடிக்கு
ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்குத் தனியாகவும் சைக்கிள் மிதிக்கலாம். ஆனால் ஆனி, ஆடியில் தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றை ஆறேழு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் சுகமே வேறு. காற்றைத் தாங்கி முன்னால் போகிறவர் இரண்டு நிமிடத்தில் விலகிப் பின்னுக்கு வந்துவிட வேண்டும். வீம்புக்கு இழுப்பவரால் கூட்டமே சிதறும்.

கிழக்கே போகையில் காற்று வலப்பக்கம். அடுத்தவர் சற்று இடப்பக்கம் ஒதுங்கினால் காற்றிலிருந்து மறைப்பு கிடைக்கும். பாம்பன் பாலத்தில் மட்டும் ஒற்றை வரிசை, நல்ல இடைவெளி: பஸ் கடக்கும்போது காற்று சட்டென நின்று சைக்கிள் அதன் பக்கம் சாயும், மறுநொடி திரும்ப அறையும். ஊர் திரும்பும்போது அந்த மறைப்பு, வண்டிகள் வரும் வலப்பக்கம் விழுவதால் அதற்கு ஆசைப்படாதீர்கள்.

பஞ்சர் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்தான். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி முனையைப் பிடுங்காவிட்டால் புது டியூபும் போகும். அன்றிரவே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.