பருத்த உடலுக்குள் இதயத்தைத் தேடுவது

மீயொலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ சோதனையின் அறிக்கையில் 'நோயாளியின் உடல்வாகு காரணமாகப் படம் தெளிவில்லை' என்ற வரியைக் கண்டாலே எனக்கு மனம் பொறுக்காது. குறையை நோயாளியின் மேல் போட்டுவிட்டு வேலையை முடித்துக்கொள்கிற வரி அது. நான் மயக்க மருத்துவர். உடல் நிறைக் குறியீடு 40-ஐத் தாண்டியவர்களின் இதயம்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. உறக்கத்தில் மூச்சு தடைபடும் தொல்லை அவர்களில் பலருக்கு உண்டு. அது நாளடைவில் நுரையீரல் தமனியின் அழுத்தத்தை ஏற்றி, வலது கீழறையை விரிவடையச் செய்துவிடக்கூடும்.

மீயொலி திசுவுக்குள் போகப் போக வலுவிழக்கும். அதிர்வெண் கூடினால் இழப்பும் கூடும். ஆழத்தை எட்ட அதிர்வெண்ணைக் குறைத்தால் நுணுக்கம் போய்விடும். விழித்திருப்பவர் இடப்பக்கம் ஒருக்களித்து, மூச்சை விட்டு நிறுத்தினால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வரும். அறுவை மேசையில் மயங்கி மல்லாந்திருப்பவருக்கு அது முடியாது. அதனால் மயக்கம் கொடுக்கும் முன்பே சில நிமிடங்கள் ஒதுக்கிப் பார்த்துவிடுகிறேன்.

சிறு துளைகள் வழியே செய்யும் ஒரு லேப்ரோஸ்கோப்பி அறுவையில், வயிற்றில் வாயு நிரப்பித் தலைப்பக்கத்தை உயர்த்தியதும் இரத்த அழுத்தம் சரிந்தது. மேல்கை கூம்பு வடிவில் இருந்ததால் அழுத்தம் அளக்கும் பட்டை நழுவிக்கொண்டே இருந்தது. அந்த எண்ணை நம்பவும் முடியவில்லை. எக்கோ கருவியை மார்பின் மேல் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிற மூட்டம்தான். உணவுக்குழாய் வழியே எக்கோ குழாயை இறக்கினேன். இடது மேலறைக்கு நேர் பின்னால் ஓடும் பாதை அது. மார்புக் கொழுப்பு குறுக்கே வராது. தூரம் குறைவு என்பதால் அதிர்வெண்ணை 5 முதல் 7 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்துக்கொள்ளலாம். இடது கீழறையின் சுவர்கள் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டன. இதயம் வலுவாகத்தான் சுருங்கியது, உள்ளே இரத்தம்தான் போதவில்லை. வாயு அழுத்தத்தைக் குறைத்து, மேசையைச் சமமாக்கி, திரவம் ஏற்றினோம். அறை நிரம்பி வருவதைத் திரையிலேயே பார்த்தோம்.

இதயத்தைச் சுற்றிய கொழுப்பு, தேங்கிய நீர் போலக் கண்ணை ஏமாற்றும். கொழுப்பில் மெல்லிய பொடிப்புள்ளிகள் தெரியும், இதயத்தோடு சேர்ந்தே அசையும். நீர் பெரும்பாலும் வெறும் கறுப்பு. இதில் அவசரப்பட்டு முடிவெடுக்கக்கூடாது.

உணவுக்குழாய் சுருங்கியவர்களுக்கு இந்த வழி ஆகாது. இரைப்பையைச் சுருக்கும் அறுவையிலோ, இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்லர் மூடும் முன் எக்கோ குழாயை முழுதும் வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டேன் என்று அறுவை மருத்துவரிடம் உரக்கச் சொல்லி, அவர் பதில் சொன்ன பிறகே அடுத்த வேலையைப் பார்க்கிறேன்.