பீரோவில் பூட்டிய 312 புத்தகங்கள்

பெங்களூரிலிருந்து கிராமத்துப் பள்ளிக்குச் சிறார் புத்தகம் அனுப்ப நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்கவில்லை. மூன்று பள்ளிக்கு அனுப்பியதில் ஒரு பள்ளிக்கு ஜூலையில் கொடுத்த 312 புத்தகங்கள், செப்டம்பரில் போய்ப் பார்த்தபோது தலைமை ஆசிரியர் அறைப் பீரோவில் சணல்கூட அவிழ்க்காமல் கிடந்தன. ஒரு குழந்தையும் தொட்டிருக்கவில்லை. அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு மாதமும் மூன்று பயணமும் ஆனது.

இடம், ஓசூர் தாண்டி தளி, அஞ்செட்டி பக்கத்து மலையோரக் கிராமங்கள். பள்ளியில் தமிழ். ஆனால் வீட்டில் பல குழந்தைகள் பேசுவது கன்னடம் அல்லது தெலுங்கு. சில குடியிருப்புகள் இருளர்களுடையவை. இது தெரியாமல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினால் சேர்ப்பதில் பாதி வீண்.

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கம் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டதில் 640 புத்தகங்கள் வந்தன. தேறியவை 97. மீதியில் பெரும்பகுதி ஆங்கிலப் பயிற்சி ஏடுகள், நுழைவுத்தேர்வு கைடுகள், பாதி வண்ணம் தீட்டிய படப்புத்தகங்கள். தமிழில் வந்தவற்றிலோ காகமும் நரியும், சிங்கமும் முயலும் ஏழெட்டுப் பதிப்பில் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாவற்றிலும் அம்மா அடுக்களையில் நிற்கிறார், அப்பா செய்தித்தாள் படிக்கிறார், குழந்தைகள் எல்லோரும் சிவப்பாக இருக்கிறார்கள். மலையோரத்தில் ஆடு ஓட்டிப்போகிற ஒரு பிள்ளை தன்னை எந்தப் பக்கத்தில் தேடும்? அதனால் தேர்வுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் முதலில் புரட்டுவது. கதையை நடத்துவது யார், வேலை செய்வது யார், யாருடைய வீடு வருகிறது, யார் வெறுமனே ஓரத்தில் நிற்கிறார்கள் என்று பார்ப்பது. உடல் ஊனமுற்ற குழந்தை வந்தால், மற்றவர்கள் இரக்கப்படுவதற்காக மட்டுமே அது வருகிறதா, இல்லை தானும் விளையாடுகிறதா என்று பார்ப்பது. இந்தப் பார்வையில் 97 இன்னும் சுருங்கி 60 ஆனது. மனசு கேட்கவில்லைதான், ஆனால் இடத்தை அடைக்கிற புத்தகம் நல்ல புத்தகத்தை மறைக்கிறது. அன்பளிப்பு கேட்கும்போதே "பழைய புத்தகம் வேண்டாம், ஒரு புதுப் புத்தகத்தின் விலையைக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

வாங்குவதில் சிக்கல் இல்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசை விலை குறைவு, தமிழிலும் கிடைக்கிறது. சென்னையின் தூலிகா இருமொழிப் புத்தகங்கள் போடுகிறார்கள். பாரதி புத்தகாலயத்திலும் சிறார் நூல்கள் நிறைய உண்டு. ஒரே தலைப்பில் ஐந்து பிரதி வாங்காதீர்கள். இரண்டு போதும்.

நாங்களே அச்சிட்ட கதைகளுக்கு வருவோம். நம்ம பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கதைகள் இருக்கின்றன. உரிமம் சிசி பை 4.0, கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரைப் போட்டால் இறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். ஒரே படத்தின் கீழ் தமிழும் கன்னடமும் வருகிற மாதிரி 12 கதைகளை நாங்கள் இருமொழியாக்கினோம். அச்சுக்கடையில் மூன்று இடத்தில் அடிபட்டது.

முதலாவது, பக்க எண்ணிக்கை. நடுவில் மடித்துப் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். கடைசியில் வருகிற பெயர்ப் பக்கங்களைச் சேர்த்தால் 18 ஆகிறது என்று கடைக்காரர் அவற்றை வெட்டிவிட்டு 16 ஆக்கினார். உரிமத்தின் முக்கிய நிபந்தனையே அந்தப் பெயர்கள்தான். வெட்டக் கூடாது. இரண்டு வெற்றுப் பக்கம் சேர்த்து 20 ஆக்கினால் முடிந்தது, அந்த வெற்றுப் பக்கத்தில் குழந்தைகள் படம் வரைகிறார்கள். இரண்டாவது, இருபுற அச்சு. புக்லெட் முறையில் தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமைக்க வேண்டும். நீள விளிம்பில் வைத்துவிட்டதால் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் தலைகீழாக வந்து 40 பிரதி குப்பைக்குப் போனது. ஒரே ஒரு பிரதியை அடித்து, மடித்து, எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்த பிறகே மீதியை அடிக்கச் சொல்லுங்கள். தாள் உள்ளே 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), அட்டை 250. அதற்குக் குறைந்தால் மறுபக்கத்துப் படம் இந்தப் பக்கம் தெரியும். மூன்றாவது தவறு தபால் நிலையத்தில்தான் தெரிந்தது.

பழைய பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே 1 முதல் புத்தகத்துக்கென்று கியான் போஸ்ட் என்ற தபால் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பெரிய எழுத்தில் 20 பக்கம் வருகிற மெல்லிய புத்தகம் என்றால் 5 கிலோவில் 60 முதல் 80 வரை போகும். விளம்பரம் உள்ள அச்சுப் பொருளை ஏற்க மாட்டார்கள். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருந்தாக வேண்டும். எங்கள் இருமொழிப் பிரதிகளில் அது இல்லை. கவுன்டரில் இருந்தவர் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, "இது யார் பிரிண்ட் பண்ணது மேடம்? பேரே இல்லையே" என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். கடையின் பெயரையும் ஊரையும் ரப்பர் முத்திரையாகச் செய்து எல்லாவற்றின் பின்னட்டையிலும் குத்தி, மறுநாள் திரும்பப் போனோம். பெறுநர் இடத்தில் ஆள் பெயர் எழுதாதீர்கள், "தலைமை ஆசிரியர்" என்று பதவி மட்டும் போதும். மாறுதலாகிப் போனவர் பெயரில் ஒரு கட்டு போய், திரும்பி வந்தது.

மூன்று பள்ளிக்கும் சேர்த்து 900 புத்தகத்துக்கு மேல் என்பதால் மீதியை லாரி பார்சலில் போட்டோம். கலாசிபாளையத்தில் ஒரு பார்சல் ஆபீஸில் அரை நாள் போனது. மதிப்பு 58,000 என்று எழுதியிருந்தோம். "அம்பதாயிரத்துக்கு மேல போகுது, ஈவே பில் இல்லாம ஏத்த மாட்டேன்" என்று கிளார்க் ஒரே பிடிவாதம். ஈவே பில் என்பது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கிற மின்னணுச் சீட்டு. அச்சிட்ட புத்தகத்துக்கும் குழந்தைகள் படப்புத்தகத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. ஜிஎஸ்டி வகைப்பாட்டில் முதலாவதின் எண் 4901, இரண்டாவதின் எண் 4903. வரிவிலக்குப் பட்டியலில் உள்ள பொருளுக்கு மதிப்பு எவ்வளவானாலும் ஈவே பில் வேண்டியதில்லை, ஜிஎஸ்டி விதி 138இன் 14ஆம் உட்பிரிவு. வாயால் சொன்னால் எடுபடவில்லை. பக்கத்துக் கடையில் விதியை அச்செடுத்து நீட்டிய பிறகே எடை போட்டார். எனவே இரண்டு காகிதம் கையோடு இருக்கட்டும். ஒன்று அந்த விதியின் அச்சுப்படி, இன்னொன்று டெலிவரி செலான் மூன்று நகல். செலானில் அனுப்புநர், பெறுநர், பெட்டி எண்ணிக்கை, 4901, 4903, மதிப்பு, "நன்கொடை, விற்பனைக்கு அல்ல" என்ற வரி. பெட்டி 15 கிலோவைத் தாண்டினால் அடியில் பிய்ந்துவிடும். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்துக் கட்டுங்கள். மழை நாளில் ஒரு பெட்டி ஒட்டுமொத்தமாக ஊறி ஒட்டிப்போனது.

வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். நேரில் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துப் போனதில் ஒரு நாள் வீண், அவர் பயிற்சிக்குப் போயிருந்தார். தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினால் போதும்.

இப்போது பீரோ. தலைமை ஆசிரியர் மேல் எங்களுக்கு முதலில் கோபம் வந்தது உண்மை. அவர் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு கோபம் போய்விட்டது.

"சார், நீங்க குடுத்துட்டுப் போயிடுவீங்க. நான் இருப்புப் பதிவேட்டுல ஏத்திட்டேன். நாளைக்கு ஆடிட்ல பத்து குறைஞ்சா யார் கட்டுறது? அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட்."

பதிவேட்டில் விலையோடு ஏறிய பொருளுக்கு அவர் பொறுப்பு. ஒன்று தொலைந்தால் பணிநிறைவின்போது கேள்வி வரும் என்ற பயம். பூட்டி வைத்தால் எண்ணிக்கை குறையாது. நல்ல ஆசிரியர்கள்கூடப் புத்தகத்தைப் பூட்டுவது இதனால்தான், வாசிப்பின் மேல் அக்கறை இல்லாததால் அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை எல்லாப் பள்ளியிலும் கதைப் புத்தகம் உள்ள நூலகம் வேண்டும் என்கிறது. ஆனால் தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை.

பதில் வேறிடத்தில் கிடைத்தது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, 215ஆம் விதி: ஓர் ஆண்டில் 1,000 நூல்கள் வழங்கப்பட்டால் அல்லது பார்வைக்கு எடுக்கப்பட்டால் 5 தொலைவது இயல்பான இழப்பு, நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும் அரிய நூலும் மட்டும் கட்டாயம் விசாரணைக்கு உரியவை. மாநில அரசுப் பள்ளியை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அச்சிட்ட விதியைக் காட்டும்போது ஒரு தலைமை ஆசிரியருக்கு வருகிற தைரியம் வேறு. நவம்பர் கூட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு இப்படித் தீர்மானம் எழுதியது, தேவைப்படுகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"நன்கொடையாக வந்த 312 புத்தகங்கள் மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பதற்கானவை. கிழிதல், தேய்தல், தொலைதல் ஆகியவற்றுக்கு ஆசிரியரோ மாணவரோ பணம் கட்ட வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை குழு எண்ணிப் பார்த்துக் குறைந்தவற்றைக் கழிவு செய்யும்."

குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்பது இங்கே கைகொடுத்தது. கையெழுத்துப் போட்ட அம்மாக்களின் பிள்ளைகள்தான் மறுநாள் முதலில் புத்தகம் எடுத்தார்கள்.

அடுக்குவதில் ஒரு குறிப்பு. மெல்லிய படப்புத்தகத்துக்கு முதுகு கிடையாது, ஷெல்ஃபில் செருகினால் எதுவும் தெரியாது. மூன்றடி உயரத்தில் நைலான் கயிறு கட்டித் துணி கிளிப்பில் அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். வகுப்பு எண் ஒட்டாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்பு என்று ஒட்டியதை எடுக்கவே மாட்டான், அவன் படிக்க முடிந்தது அதுவாகவே இருந்தாலும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை உண்டு. ஆசிரியர்களுக்கு அது பழக்கம் என்பதால் அதற்கேற்ப நான்கு வண்ணப் பொட்டு மட்டும் முன்னட்டையின் இடது மேல் மூலையில் ஒட்டினோம்.

அதிகம் கைமாறியவை எழுத்தே இல்லாத படப்புத்தகங்களும் தமிழ்–கன்னட இருமொழிப் பிரதிகளும். எழுத்தில்லாத புத்தகத்தை, படிக்கத் தெரியாத பாட்டியும் பேத்திக்குச் சொல்ல முடிகிறது, அதுவும் தன் மொழியில். பள்ளிக்கு வெகு தூரமான நான்கு குடியிருப்புகளுக்குத் துணிப்பையில் 25 புத்தகம் வீதம் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைகளை மாற்றினோம். பை இரண்டு கிலோதான் வரும், எட்டாம் வகுப்புப் பிள்ளை தூக்கிவிடும்.

பழுது பார்க்காவிட்டால் ஒரு மழைக்காலத்தில் முடிந்துவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்று வரும். செலோடேப் ஒட்டாதீர்கள், பழுத்துப் பசை வழிந்து பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளை குத்துங்கள். பருத்தி நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, உள்பக்கமாக நீளமாக இறங்கிக் கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்த நீள நூலின் இருபக்கமும் இரு முனையையும் வைத்து முடிச்சுப் போடுங்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் ஆகும். ஏழாம் வகுப்புப் பெண்கள் இருவர் இதைக் கற்றுக்கொண்டு 23 புத்தகம் தைத்திருக்கிறார்கள்.

ஏப்ரலில் குழு எண்ணியது. வழங்கல் ஏட்டில் 1,870 பதிவு. தொலைந்தவை 9. ஆயிரத்துக்கு ஐந்து என்ற கணக்கில் 9 வரை போகலாம் என்பதைத் தலைமை ஆசிரியர் தாளில் தானே பெருக்கிப் பார்த்தார். பிறகு சிவப்பு மையில் "கழிவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பீரோ சாவியை வகுப்பறைச் சுவர் ஆணியில் மாட்டினார். மேல் தட்டில் இப்போது சாக்பீஸ் பெட்டிகள் இருக்கின்றன.